லாஸ்ட்நேம் கட்டத்தில் ஒரு புள்ளி

போன வாரம் நந்தனத்துக்குப் போய் என் பழைய அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. "ரிட்டயர் ஆனவளுக்கு அங்க என்ன வேலை? கூப்பிட்டா உடனே கிளம்பிடறதா?" என்கிறார் என் கணவர். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு கட்டத்துக்கு வெச்ச பேருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முன்கதையை அவரிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். எழுதினால் முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன், பார்ப்போம்.

ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழிலாக இருந்தது. கணிதம் படித்தேன், தி.நகரில் மாடியில் இருந்த ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் கற்றேன், மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் ரயிலேறி வேலைக்குப் போனேன். பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. பெயர் வைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளியின் பெயர், வயது, என்ன வியாதி, எந்த மருந்து ஒத்துக்காது என்ற விவரங்களை எல்லாம் சேர்த்து வைக்க நிரலில் ஓர் அமைப்பு கட்டுவோம். அஞ்சறைப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர் வைப்பவர் ஒருவர், உள்ளே சாமான் போடுபவர் இன்னொருவர், அதை எடுத்துச் சமைப்பவர் மூன்றாமவர். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. நடுவில் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நிரலைத் திறந்தேன். அதில் 'அபிநயா' என்று ஓர் அமைப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் அபிநயா என்று ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று நான் அப்பாவியாகக் கேட்டேன். பக்கத்து மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை எழுதியவருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்ததாம். அவர் அமெரிக்கா போய்விட்டார். அபிநயாவுக்குள் இருந்தது அவசர சிகிச்சைக்கான மருந்து இருப்பு என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. எனக்குத் திக்கென்றது. மருந்து இருப்பு என்று எழுத மனிதருக்கு என்ன கேடு? மற்றவர்கள் அதை ஒரு தமாஷாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் எஸ்தர் வந்தார், எங்கள் பிரிவுக்குத் தலைவராக. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். வந்த முதல் நாளே என்னை "பத்மா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 'நீங்க' போட்டுத்தான் பேசினார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கத்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். நாம் எழுதியதைப் படித்துக்கொண்டே இருப்பார். ஓரிடத்தில் நிறுத்தி, "இது என்னது?" என்பார். பதில் சொன்னால், "அப்ப அப்படியே பேர் வைங்க" என்பார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கே எங்களுக்கு வியர்க்கும்.

ஒரே நோயாளிக்கு எங்கள் நிரலில் நாலைந்து பெயர் இருந்தது. ஒருவர் 'பேஷண்ட்' என்று வைத்திருந்தார், ஒருவர் 'கேஸ்' என்று வைத்திருந்தார், ஒருவர் அவசரத்தில் உயிரெழுத்தை எல்லாம் விழுங்கிவிட்டு 'பிடிஎன்டி' என்று வைத்திருந்தார். எல்லாவற்றையும் எஸ்தர் ஒன்றாக்கினார். ஒரு பொருளுக்கு ஒரு பெயர், அது எல்லா இடத்திலும் அதே பெயர். இதைச் செய்து முடிக்கும்வரை புதிய வேலை எதையும் தொடவிடவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று நான் வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன்.

அவருடைய இன்னொரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மென்பொருளின் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் முன்னால் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்வார். பிறகு அமைப்புகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயரை மட்டும் கேட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். சட்டென்று சொல்லிவிட்டால் பெயர் நிற்கும். யோசித்தாலோ, "இருங்க, ஒரு தடவை பாத்துக்கறேனே" என்று திரும்பினாலோ பெயர் போச்சு. "நீங்க யோசிச்சுட்டீங்க. நைட் ட்யூட்டியில இருக்கறவனுக்கு யோசிக்க நேரம் இருக்காது" என்பார். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'முதுகுப் பரீட்சை'. அதில் தோற்காதவர்கள் யாரும் இல்லை.

அந்தப் பரீட்சையில் 'லாஸ்ட்நேம்' என்ற பெயரையும் அவர் வாசித்தார். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் முரளி, எங்கள் பிரிவிலேயே கெட்டிக்காரர். "குடும்பப் பேரு" என்று அவர் கண்ணிமைக்கும் முன் சொன்னார். எஸ்தர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முரளியின் அப்பா பெயர் கணேசன். முரளியின் அடையாள அட்டையில் லாஸ்ட்நேம் என்ற இடத்தில் கணேசன் என்று அச்சடித்திருந்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவரை "மிஸ்டர் கணேசன்" என்றுதான் அழைப்பார்கள். தொலைபேசி வந்தால் நாங்கள், "முரளி, உங்க அப்பாவுக்குப் ஃபோன்" என்று கிண்டல் செய்வோம். எங்களில் ஒருவருக்கும் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், கல்யாணமானால் சிலருக்கு அதுவும் மாறும். தினமும் இதை வைத்துச் சிரித்தவர்கள்தான் அந்தப் பரீட்சையில் அதைக் கோட்டை விட்டோம். இப்போது நினைத்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை.

மயிலாப்பூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தியது. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருக்கின்றன, அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முரளி எழுதினார். பெயர், லாஸ்ட்நேம், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இந்த நான்கும் ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே. பதிவுகளை ஒன்றாக்கி, புதிய விவரத்தை மேலே வை. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்தும் பார்த்தோம். சோதனைக்கு நாங்களே பெயர்களைக் கற்பனை செய்து போட்டிருந்தோம். எல்லாருக்கும் ஷர்மா, ரெட்டி, மேனன் என்று ஜம்மென்று குடும்பப் பெயர் வைத்திருந்தோம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, சோதனைக்கு ஒரு செல்வியைக்கூட நாங்கள் கற்பனை செய்யவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி. எஸ்தர் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "பத்மா, கிளம்புங்க" என்றார். ஆட்டோ பிடித்தோம். லஸ் தாண்டியபோதுதான் சொன்னார். "ஒரு பொண்ணுக்கு ஒத்துக்காத ஊசியப் போட்டுட்டாங்க. நம்ம ஸ்க்ரீன்ல ஒவ்வாமை இல்லன்னு இருந்துச்சாம். ஐசியூல இருக்கு."

மென்பொருளில் தவறு வந்தால் திரை உறைந்து போகும், வாடிக்கையாளர் திட்டுவார், நாங்கள் காபி குடித்துவிட்டுச் சரிசெய்வோம். அதுவரை எனக்குத் தெரிந்த விபரீதம் அவ்வளவுதான். அன்றைக்கு முதல்முறையாக, ஒருத்தி மூச்சுவிட முடியாமல் படுத்திருக்கிறாள், எங்கள் நிரலால்.

அவள் பெயர் செல்வி. சாந்தோம் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவள். அதிக ஜுரத்தில் அரை மயக்கமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். கணவர் ஏழுமலை மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு ஊசி போட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் செல்வியின் பதிவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தபோது ஏழுமலை ஐசியூ வாசலில் நின்றிருந்தார். யாரோ எங்களைக் காட்டிவிட்டார்கள்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர் ஆளுங்கோ நீங்கதானா?" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "போன தபாவே சொல்லிக்கீறோம், இந்த ஊசி அதுக்கு ஆவாதுன்னு. அந்தப் பொண்ணு டைப் அடிச்சத நான் கண்ணால பாத்துக்கினு நின்னேன். இப்ப அப்டி ஒண்ணுமே இல்லன்றாங்கோ. எங்க பூட்ச்சி அது?"

எஸ்தர்தான் சொன்னார். "எங்கயும் போகலண்ணே. செல்வின்ற பேர்ல இன்னொருத்தங்க இருக்காங்க. எங்க ப்ரோக்ராம் அவங்க பதிவையும் உங்க வீட்டம்மா பதிவையும் ஒண்ணுன்னு நெனச்சு சேர்த்துடுச்சு. அவங்களுக்கு ஒவ்வாமை இல்ல. அது மேல வந்துடுச்சு. தப்பு எங்களுது."

ஏழுமலை எஸ்தர் பக்கம் திரும்பினார். "வேற செல்வியா? அது புருசன் வேற, நான் வேற. பேரு கேட்டு எழுதிக்கினாங்களே, அதக்கூடவா பாக்கல?"

பார்க்கவில்லை. கணவர் பெயர் பதிவின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. குடும்பப் பெயரே ஒத்துப்போகிறபோது இரண்டாம் பக்கத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று நிரல் விட்டுவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? எஸ்தர் தலையை மட்டும் ஆட்டினார். ஏழுமலை, "அது எந்திரிச்சா போதும்மா, வேற ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. பெயர் ஒன்றாக இருக்கலாம். பிறந்த தேதியும் லாஸ்ட்நேமும் எப்படி ஒன்றாகும்? பதிவுக் கவுண்டருக்குப் போனோம். மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லாஸ்ட்நேம் கட்டத்தில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன்.

"இனிஷியல் போடுவேன் மேடம்" என்றாள் முதல் பெண்.

"நான் அவங்க வீட்டுக்காரர் பேரு. கல்யாணம் ஆகலன்னா அப்பா பேரு" என்றாள் இரண்டாமவள்.

மூன்றாமவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் புள்ளி வெச்சுடுவேன்" என்றாள்.

"புள்ளியா?"

"வர்றவங்க யாருக்கு மேடம் லாஸ்ட்நேம் இருக்கு? காலியா விட்டா அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்குது. பின்னால க்யூ நிக்குது. புள்ளி வெச்சா போயிடும்."

"பிறந்த தேதி?"

"வயசு மட்டும்தான் சொல்வாங்க. ஜனவரி ஒண்ணுன்னு போட்டுடுவோம். அது எல்லா எடத்துலயும் அப்படித்தானே."

இரண்டு செல்விகள், இருவருக்கும் ஒரே வயது, இருவரும் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள், இருவருக்கும் குடும்பப் பெயர் புள்ளி. எங்கள் நிரல் புள்ளியையும் புள்ளியையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆகா, ஒரே குடும்பம் என்று முடிவுகட்டியிருக்கிறது. அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. இருக்கிற பெயர் எதையும் போட முடியாதபடி கட்டத்தைக் கட்டி, காலியாகவும் விடக் கூடாது என்று பூட்டும் போட்டு வைத்தது யார் என்று யோசித்ததும் கோபம் திரும்பி எங்கள்மேலேயே விழுந்தது.

எஸ்தர் கவுண்டருக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. "நாற்காலியத் திருப்பிப் போட்டு நான் யாரைக் கேட்டேன் பத்மா? நம்மளையே கேட்டேன். நாம வெச்ச பேருக்கு நாமளே அர்த்தம் சொல்லிக்கிட்டோம். இந்த மூணு பேருல ஒருத்தரைக் கேட்டிருந்தா?" என்றார். அவர் கைப்பையைத் திறந்து ஜெபமாலையை எடுத்தார். உருட்டக்கூட இல்லை, கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் புள்ளி வைத்த பெண்ணை வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தது. "அந்தக் கட்டத்துக்கு அந்தப் பேர வெச்சது நாங்க. முதல்ல எங்களத்தான் கேக்கணும்" என்று எஸ்தர் எல்லார் முன்னாலும் சொன்னார். எங்கள் நிறுவனத்து மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை, அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

முரளியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. விஷயம் கேட்டதும் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த கணேசன் என்ற பெயரைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எங்கள் அலுவலகத்தில் யாரும் அவர் அப்பாவுக்குப் ஃபோன் என்று சொல்லவில்லை.

செல்வி பிழைத்துக்கொண்டாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எங்களுக்கும் அது சீக்கிரம் தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது நானும் முரளியும் அலுவலகத்திலேயே அழுதோம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு அந்த அமைப்பைப் பிரித்து மறுபடி கட்டினோம். லாஸ்ட்நேம் என்ற அறையை எடுத்தோம். 'இனிஷியல்' என்று ஒன்று, 'இனிஷியல் யாருடையது' என்று ஒன்று வைத்தோம். அப்பாவா, அம்மாவா, கணவரா என்று அதில் தெரியும். இல்லையென்றால் காலியாக விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பிறந்த தேதிக்குப் பக்கத்தில் 'தேதி உறுதியா' என்று ஓர் அறை. பதிவுகளைத் தானாகச் சேர்க்கும் வேலையை நிறுத்திவிட்டோம். ஒரு மனிதர் நோயாளியிடம் கேட்ட பிறகுதான் சேர்க்க முடியும். முதுகுப் பரீட்சையும் மாறியது. அந்த நாற்காலியில் முதலில் உட்கார ஆஸ்பத்திரிக் கவுண்டரிலிருந்து ஒருவர் வருவார், அப்புறம்தான் நாங்கள். எஸ்தர் இருந்தவரை அது நிற்கவில்லை. அவர் மகளோடு வெளிநாடு போனார், நான் ஓய்வு பெற்றேன், முரளி தலைவர் ஆனார்.

போன வாரம் முரளிதான் கூப்பிட்டார். "மேடம், மொத்த சாஃப்ட்வேரையும் புதுசா எழுதியாச்சு. ஏஐ வெச்சு. நாம வருஷக்கணக்கா பண்ணினத சில வாரத்துல முடிச்சிருச்சு. நீங்க வந்து பாக்கணும்" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். போனேன். பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அசந்துபோனேன். எஸ்தர் மாடாக உழைத்துக் கொண்டுவந்த ஒழுங்கை அது சர்வ சாதாரணமாகக் கொண்டுவந்திருந்தது. நோயாளி எல்லா இடத்திலும் நோயாளிதான். ஓரிடத்தில்கூட பெயர் பிசகவில்லை. அபிநயாக்களுக்கு இனி வேலையில்லை.

"பழைய பேரெல்லாம் ஸ்டாண்டர்டா இல்லன்னு அதுவே மாத்திக் குடுத்துச்சு மேடம். உலகம் முழுக்க எப்படி இருக்கோ அப்படி. பசங்க எல்லாம் சரிபாத்தாச்சு. நானும் பாத்தேன். வர்ற வாரம் ஆஸ்பத்திரியில போடறோம்" என்றார் முரளி.

நோயாளிப் பதிவுத் திரையைத் திறந்தார். பெயர். அதற்குப் பக்கத்தில் லாஸ்ட்நேம். அதன் தலையில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று. கீழே ஒரு பொத்தான், ஒரே ஆளின் பதிவுகளைத் தானாகச் சேர்க்க.

கத்தியிருப்பேன். அதற்குப் பதிலாக, "முரளி, நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "மேடம், இன்னுமா அதெல்லாம்?"

"உக்காருங்க."

திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் எஸ்தர் மாதிரியே நிதானமாக வாசித்தேன். "லாஸ்ட்நேம். உள்ள என்ன இருக்கு?"

"குடும்பப் பேரு" என்றார். கண்ணிமைக்கும் முன்.

அப்புறம் அவர் தோள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. திரும்பவில்லை. நான் சோதனைப் பதிவுகளைத் திறந்தேன். நாங்கள் அந்தக் காலத்தில் போட்ட ஷர்மாக்களும் மேனன்களும் இதிலும் வரிசையாக இருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, முந்தின நாள் புதிதாகச் சேர்த்த ஒரு நோயாளி.

"முதல் வரிய வாசிக்கறேன்" என்றேன். "பேரு, முரளி. லாஸ்ட்நேம்..."

"புள்ளி" என்றார் முரளி, முதுகைக் காட்டியபடியே. "நேத்து நான்தான் போட்டேன் மேடம். அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன்னுச்சு."